வேலிக்கு வெளியே மைனஸ் ஒன்று

எனக்கு மைனஸ் ஒன்றின் மேல் தனிப்பட்ட கோபம் உண்டு. மைனஸ் இரண்டோடு தகராறு இல்லை. மைனஸ் மூன்று வாய் திறக்காத பிள்ளை. இந்த மைனஸ் ஒன்றுதான் உட்காரும் இடத்துக்குத் தகுந்தபடி குணம் மாறும். ஓர் எண்ணின் தோளில் அடுக்குக்குறியாக ஏறி உட்கார்ந்தால் அதைக் கவிழ்த்துப் போடும். இரண்டை அரையாக்கும், நான்கைக் காலாக்கும். அதே மைனஸ் ஒன்று சைன் என்ற சார்பின் தோளில் ஏறினால் கவிழ்க்காது. சைன் செய்த வேலையை மொத்தமாகப் பிரித்துவிடும். சைனிடம் ஒரு கோணத்தைக் கொடுத்தால் ஓர் எண் கிடைக்கும். மைனஸ் ஒன்று ஏறிய சைனிடம் அந்த எண்ணைக் கொடுத்தால் பழைய கோணம் திரும்பக் கிடைக்கும். ஒரே உருவம், இரண்டு வேலை. கண் தெரிந்தவர்களுக்கு இது பழகிவிட்டது, அதனால் உறுத்துவதில்லை. எனக்கு உறுத்தும்.

எனக்குக் கண் தெரியாது. பிறவியில் இல்லை. எட்டாம் வகுப்பு வரை பெரிய எழுத்தாக இருந்தால் படிப்பேன். அப்புறம் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது. எக்ஸின் தோளில் ஒரு குட்டி இரண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது இன்னும் என் மனத்தில் கறுப்பாக, கூர்மையாக இருக்கிறது. சைன் வந்தது பத்தாம் வகுப்பில். அதனால் சைனை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கேள்விப்பட்ட சொந்தக்காரர் மாதிரிதான் அவரோடு பழக்கம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் குறிகளை எழுதிக் காட்டப் போவதில்லை. எனக்கு எப்படி வந்ததோ அப்படியே உங்களுக்கும் காது வழியாகவே வரட்டும். "சைன் எக்ஸ் ஸ்கொயர்" என்று ஒருவர் படிக்கிறார். எக்ஸை முதலில் அதனோடே பெருக்கிவிட்டு அப்புறம் சைன் எடுக்க வேண்டுமா? முதலில் சைன் எடுத்துவிட்டு, வந்த விடையை அதனோடே பெருக்க வேண்டுமா? தாளில் குட்டி இரண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். எக்ஸின் தோளில் இருந்தால் ஒன்று, சைனின் தோளில் இருந்தால் இன்னொன்று. வாயால் சொல்லும்போது தோள் காணாமல் போய்விடும். "சைன் டூ எக்ஸ்" என்று அவசரமாகப் படித்தால் இன்னும் மோசம். அந்த இரண்டு தோளில் இருக்கிறதா, தரையில் நிற்கிறதா என்றே தெரியாது.

இப்படித்தான் அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வில் நான் முதல் தடவை தோற்றேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஸ்கிரைப் என்று ஒருவரைத் தருவார்கள். அவர் கேள்வியைப் படிப்பார், நான் விடையைச் சொல்வேன், அவர் வட்டத்தைக் கறுப்பாக்குவார். ஸ்கிரைப் அந்தப் பாடம் படித்தவராக இருக்கக் கூடாது என்று விதி. நியாயம்தான், படித்தவர் என்றால் அவரே எழுதிவிடுவார். ஆனால் படிக்காதவருக்குத் தோள் எது, தரை எது என்று தெரியாது. அன்றைக்கு எனக்கு வந்தவர் எல்லாவற்றையும் ஒரே சுருதியில் ஒப்பித்தார். "அந்த ரெண்டு எங்க இருக்குங்க?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "எழுதியிருக்கிறதைத்தாம்மா படிக்கிறேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமே.

நான் தோற்ற செய்தி வந்த அன்றைக்கு அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார். அப்பாவுக்குச் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் வாழைத் தோட்டம். மறுநாள் சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆத்தா, கணக்கை விட்ரு. தேனியில ஆபீஸ் வேலைக்கு எடுக்குறாகளாம். ஒனக்குன்னு எடம் ஒதுக்கியிருக்காக. அதுக்கு எழுது."

"எனக்குக் கணக்குதான் வேணும்ப்பா."

"கண்ணு தெரிஞ்சவுகளே தடுமாறுற பாடம் ஆத்தா."

"அதான்ப்பா. அவுகளும் தடுமாறுறாக, நானும் தடுமாறுறேன். இதுல நான் மட்டும் ஏன் விடணும்?"

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். இன்னும் ஒரே ஒரு தடவை கணக்குத் தேர்வு. அதில் வராவிட்டால் நான் வாயைத் திறக்காமல் ஆபீஸ் வேலைக்கு எழுத வேண்டும். ஆபீஸ் வேலையை நான் மட்டமாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு வகுப்பறையில் நின்று, சைன் என்றால் என்ன என்று நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்குப் பசி மாதிரி இருந்தது. ஒப்புக்கொண்டு எழுந்துபோனேன். உள்ளே போய் அழுதேன்.

அந்த வருடம்தான் அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஜெயமங்கலத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்தவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள். வரும்போது சீர் வரிசையோடு தன்னுடைய மோட்டார் வைத்த தையல் மெஷினையும் கொண்டுவந்து, கிழக்கு ஜன்னல் ஓரத்தில் போட்டார்கள். ஊரில் பாதி ரவிக்கை எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வர ஆரம்பித்தது. எனக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று அண்ணன் சொன்னதும், "அதுக்கென்ன, கை தைக்கும், வாய் சும்மாதான இருக்கு" என்றார்கள்.

வாய் சும்மா இருக்கவில்லை. முதல் வாரமே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது.

"மதினி, அந்த ரெண்டு எங்க இருக்கு?"

"இங்கன இருக்கு."

"இங்கனன்னா எங்கன?"

"இங்கனத்தா, சைன் பக்கத்துல. ஒட்டிக்கிட்டு நிக்குது."

அந்த ஒரு சொல்லில் எனக்கு விளக்குப் போட்ட மாதிரி ஆனது. இங்கன, அங்கன. எங்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு வரும் சொற்கள். உப்பு இங்கன, புளி அங்கன. மாடு இங்கன, கன்று அங்கன. சைனின் தோளில் இருந்தால் இங்கன, எக்ஸின் தோளில் இருந்தால் அங்கன என்று வைத்துக்கொண்டால் போதும். "சைன் எக்ஸ், ரெண்டு இங்கன." "சைன் எக்ஸ், ரெண்டு அங்கன." இனிமேல் குழப்பமே வராது. தோளில் ஏறாமல் பக்கத்தில் நிற்பதற்கு "தரையில" என்று பெயர் வைத்தோம். அடைப்புக்குறியை மதினி வேலி என்றார்கள். "வேலிக்குள்ள சைன் எக்ஸ், வேலிக்கு வெளிய மைனஸ் ஒன்னு" என்றால் மொத்தத்தையும் கவிழ்க்க வேண்டும். மைனஸ் ஒன்று இங்கன என்றால் சைனைப் பிரிக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக எந்தப் புத்தகமும் என்னிடம் பேசியதில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஓர் அத்தியாயம் முழுக்கத் தப்பாகப் போனது. விடை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எனக்குக் கணக்கே மறந்துபோய்விட்டதா என்று பயந்தேன். கடைசியில் மதினியின் விரலைப் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நான் கட்டிலில், மதினி எதிரே மெஷினில். மதினிக்கு இங்கன என்றால் அந்த நேரத்தில் அவர்கள் விரல் எங்கே இருக்கிறதோ அந்த இடம். விரல் எக்ஸுக்கு நகர்ந்துவிட்டால் எக்ஸ்தான் இங்கன, சைன் அங்கன போய்விடும். அதில் என்ன தப்பு? ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம். நான் சைன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டால் அது அவர்கள் குற்றமா? ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மதினியும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒரே பக்கமா உக்காந்தா சரியாப் போச்சு. எதிரெதிரா உக்காந்தா புருசன் பொண்டாட்டிக்கே எதுவும் வெளங்குறதில்ல" என்றார்கள்.

அதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தோம். என் விரலை வரியின் ஆரம்பத்தில் வைத்துவிடுவார்கள். அதுதான் இங்கன. வரி போகிற பக்கம் அங்கன. அதற்கப்புறம் விடைகள் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தன.

கேட்டுக்கொண்டே இருந்ததில் மதினிக்குக் கணக்கு தெரிந்துவிடவில்லை. ஆனால் கணக்கின் மேல் கோபம் வந்துவிட்டது. சாரல் காலம், மேகமலைப் பக்கமிருந்து காற்று வந்து ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"ஏத்தா, ரெண்டு இங்கன இருந்தா, சைனை ரெண்டு தடவை பெருக்கணும். அப்படித்தான?"

"ஆமா."

"அப்ப மைனஸ் ஒன்னு இங்கன இருந்தா கவுக்கத்தான செய்யணும்? அது மட்டும் ஏன் பிரிக்கிது? ரெண்டுக்கு ஒரு நியாயம், மைனஸ் ஒன்னுக்கு ஒரு நியாயமா?"

"அப்படித்தான் வச்சிருக்காக மதினி."

"எவுக வச்சாக?"

"தெரியல."

"வச்சவுக கையில ஒரு ரவிக்கையக் குடுத்துப் பாக்கணும். ஒரே குறிக்கு ஒரு எடத்துல தைக்கணும், இன்னொரு எடத்துல பிரிக்கணும்னா எப்படி இருக்கும்னு தெரியும்."

நான் மெஷின் பலகையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். எத்தனை வருடமாக இந்தக் கோபத்தை ஒற்றை ஆளாகச் சுமந்தேன்! கல்லூரியில் கேட்டால், அது மரபு, மனப்பாடம் செய்துகொள் என்றார்கள். எனக்காகக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்தது அன்றைக்குத்தான். மதினியை அன்றையிலிருந்து எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அந்தச் சாக்கில் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தேன். எஃப் என்று பொதுவாக ஒரு சார்பு இருந்தால், அதன் தோளில் இரண்டு ஏறும்போது சில புத்தகங்களில் பெருக்கச் சொல்வார்கள். சில புத்தகங்களில் எஃப் செய்ததன் மேலேயே இன்னொரு தடவை எஃப் செய்யச் சொல்வார்கள். மதினி உடனே பிடித்துக்கொண்டார்கள். "ஓரத்தை மடிச்சு, மடிச்சதையே இன்னொருக்கா மடிக்கிற மாதிரி." ஆமாம், அதே. அப்படி வைத்துக்கொண்டால் மைனஸ் ஒன்று என்பது மடிப்பைப் பிரிப்பது. இரண்டும் ஒரே நியாயத்துக்குள் வந்துவிடும். "அப்ப இதுதான் ஒழுங்கு. சைன் காரவுகதான் ஒழுங்கில்லாதவுக" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினார்கள்.

இரண்டாவது தேர்வுக்குத் தேனியில் ஒரு கல்லூரியில் இடம் போட்டிருந்தார்கள். மதினியும் நானும் பஸ்ஸில் போனோம். வீரபாண்டி தாண்டும் வரை மதினி என் கையை விடவில்லை. யாருக்கு அதிகப் பயம் என்று தெரியவில்லை. வாசலில் மதினியை நிறுத்திவிட்டார்கள். என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள்.

எனக்கு வந்த ஸ்கிரைப் என் வயதை ஒத்த பெண். கூடலூர்க்காரி. எல்லைப் பக்கம் என்பதால் பேச்சில் மலையாளம் லேசாகத் தலைகாட்டியது. முதல் வார்த்தையாகவே, "எனக்குக் கணக்குன்னாலே பேடிக்கா" என்றாள். பேடி என்றால் பயம். "பயப்படாம எது எங்கன இருக்குன்னு மட்டும் சொன்னாப் போதும்" என்றேன். தேர்வு தொடங்குவதற்கு முன் கிடைத்த நேரத்தில் இங்கன, அங்கன, தரை, வேலி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். இங்கனயும் அங்கனயும் அவளுக்குத் தாய்ப்பால். உடனே பிடித்துக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியில் ஒன்றைக் கோட்டைவிட்டேன். அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி, அந்தப் பக்கம் அவள் நாற்காலி. எதிரெதிரே. கேள்வித்தாள் அவள் கையில்.

கொஞ்ச நேரத்திலேயே விடைகள் பொருந்தாமல் போக ஆரம்பித்தன. நான் போட்டது நான்கு விடைகளில் ஒன்றிலும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அப்பாவோடு போட்ட ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. அப்புறம் மதினியின் விரல் நினைவுக்கு வந்தது.

"ஏம்மா, நீ இங்கனன்னு சொல்றப்ப ஒன் விரல் எங்க இருக்கு?"

"இங்கனதான்க்கா இருக்கு."

எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அறைக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, அவள் நாற்காலியை என் பக்கத்தில் போடச் சொன்னேன். அந்த அம்மா வேறு மாவட்டத்துக்காரர். எங்கள் பேச்சை ஏற்கனவே கவனித்துக்கொண்டிருந்தார் போல.

"முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. இங்கன, அங்கன, வேலின்னு ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறீங்க? இங்கனன்னா ஏ, அங்கனன்னா பி-யா?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கூடலூர்ப் பெண் பாதி அழுகையில், "மேடம், இங்கனன்னா இங்க, அங்கனன்னா அங்க, அவ்வளவுதான் மேடம்" என்றாள். அது எங்களுக்குப் பெரிய உதவியாக இல்லை. ஸ்கிரைபோடு சங்கேதம் பேசினேன் என்று ஒரு வரி எழுதிவிட்டால் என் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டேன்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இப்ப நாங்க நிக்கிற கேள்வியை நீங்களே ஒரு தடவை எனக்குப் படிச்சுக் காட்டுங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

தாளை வாங்கும் சத்தம் கேட்டது. "சைன் ஸ்கொயர் எக்ஸ்..." என்று கம்பீரமாக ஆரம்பித்தார். "சைன் ஸ்கொயர் எக்ஸ் பிளஸ் காஸ்... எக்ஸ் ஸ்கொயர்..." அப்புறம் நின்றார். "காஸ் எக்ஸ், ஸ்கொயர்" என்று திருத்தினார். திருப்பி, "காஸ், எக்ஸ் ஸ்கொயர்" என்று இன்னொரு இடத்தில் மூச்சு விட்டுப் பார்த்தார்.

"மேடம், ஸ்கொயர் எக்ஸுக்கா, மொத்த காஸுக்கா?" என்றேன். குரலில் கிண்டல் வராமல் பார்த்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டேன்.

தாளை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி தரையில் உரசும் சத்தம். அவரே இழுத்து வந்து என் பக்கத்தில் போட்டார். "நான் இங்கயே நிப்பேன். எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமா பேசிக்கோங்க" என்றார். நின்றார். கடைசி வரை நின்றார். என் விரலை வரியின் ஆரம்பத்தில் வைக்க அந்தப் பெண் ஒரு தடவை மறந்தபோது, "விரலை இங்கன வைம்மா" என்று சொன்னது அவர்தான்.

தப்பாகப் போட்டவற்றைத் திரும்பப் பிடித்தேன். நன்றாகவே போனது. கடைசிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது. எக்ஸைக் கொடுத்தால் ஒன்று கூட்டித் தருகிற சார்பு எஃப். எஃப்பின் தோளில் இரண்டு போட்டதையும், எஃப்பின் தோளில் மைனஸ் ஒன்று போட்டதையும் கூட்டினால் என்ன வரும்? "ரெண்டு இங்கன இருக்கா?" "இங்கனதான்க்கா." "இப்ப என் விரலை அடுத்த எஃப் மேல வை. மைனஸ் ஒன்னு?" "அதுவும் இங்கன. வேலி எதுவும் இல்ல." விடைகளைப் படிக்கச் சொன்னேன். மடித்ததையே இன்னொரு தடவை மடிப்பது, மைனஸ் ஒன்றுக்குப் பிரிப்பது என்று போட்டால் வரும் விடை முதலாவதாக இருந்தது. இரண்டுக்குப் பெருக்கி, மைனஸ் ஒன்றுக்குப் பிரித்தால் வருவது இரண்டாவது. பெருக்கி, கவிழ்த்தால் வருவது மூன்றாவது. மூன்று நியாயமும் வரிசையில் நின்றன.

அந்தக் கேள்வியைக் கண் தெரிந்த யாராலும் என்னைவிட நன்றாகப் பார்க்க முடியாது. அந்தக் காலை நேரத்தில் மாநிலம் முழுக்க உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரு வரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் நான் இருந்தது அதுவே முதல் தடவை. எனக்குப் பயத்துக்குப் பதில் ஒருவிதத் தெம்பு வந்தது. மதினியின் தீர்ப்பு நினைவுக்கு வந்தது. ஒழுங்கானது எதுவோ அதுவே. "முதல் விடை" என்றேன்.

சில வாரம் கழித்து விடைக்குறிப்பை வெளியிட்டார்கள். மதினி போனில் படித்துக் காட்டினார்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் போட்டிருந்தது இரண்டாவது விடை. சைன் காரவுகளின் நியாயம். மற்றவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது நான் விளிம்பில் நிற்பது தெரிந்தது. அந்த ஒரு கேள்வி கிடைத்தால் உள்ளே, கிடைக்காவிட்டால் தேனி ஆபீஸ்.

ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா, "பரீட்சை ஆபீஸுல போய்ச் சண்டை போடுவாகளா ஆத்தா" என்று தயங்கினார். "சண்டை இல்லப்பா, சந்தேகம் கேக்குறேன்" என்றேன். நான் சொல்ல, மதினி தையல் மெஷின் பலகையில் போனை வைத்துக்கொண்டு தட்டினார்கள். ஒரே வரிக்குள் ஒரே சார்பின் தோளில் இரண்டு குறிகள் இருக்கும்போது, ஒன்றைப் பிரித்துப் படித்துவிட்டு இன்னொன்றைப் பெருக்கிப் படிக்க வேண்டும் என்று தேர்வு எழுதுகிறவர் எதை வைத்துத் தெரிந்துகொள்வார் என்று கேட்டிருந்தேன். இரண்டு விதமாகவும் சொல்லும் பாடப்புத்தகப் பக்கங்களைச் சேர்த்து அனுப்பினோம். "ரவிக்கை கதையையும் எழுதவா?" என்று தட்டும்போது மதினி கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இப்போது நினைத்தால் எழுதியிருக்கலாம்.

திருத்திய விடைக்குறிப்பு வந்தபோது, முதல் விடையும் சரி, இரண்டாவது விடையும் சரி என்று போட்டிருந்தார்கள். நான் துள்ளவில்லை. இரண்டும் சரி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. மதினியின் கவலை வேறு. "பாவம், மூணாவது போட்டவுக. அவுக சொல்றதுலயும் ஒரு நியாயம் இருந்துச்சுல்ல?" என்றார்கள். இருந்தது. பெருக்கு என்றால் பெருக்கு, கவிழ் என்றால் கவிழ் என்று எண்ணுக்குரிய சட்டத்தைச் சார்புக்கும் மாற்றாமல் போட்டவர்கள் அவர்கள். அவர்களுக்காக யாரும் எழுதிக் கேட்கவில்லை போல.

தேர்வானவர்களின் பட்டியல் வரும் என்று சொன்ன நாளில் காலையிலிருந்து போன் மதினி கையில்தான். அப்பா தோட்டத்துக்குப் போகவில்லை. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறை எங்களுக்கு அன்றைக்கு. அதைக்கூடப் பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் செருப்புச் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் கட்டிலில், மதினி எதிரே மெஷினில். அவசரத்தில் பழைய மாதிரியே எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

மதினி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று முணுமுணுப்பு நின்றது.

"மதினி?"

போன் கண்ணாடியில் நகம் உரசும் சத்தம் கேட்டது.

"மதினி, நான் எங்க இருக்கேன்? இருக்கேனா, இல்லையா?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மதினி எழுந்து வந்து என் பக்கத்தில், ஒட்டி, ஒரே பக்கமாக உட்கார்ந்தார்கள். என் விரலைப் பிடித்தார்கள். வழவழவென்று இருந்த கண்ணாடியில் என் விரலை ஓரிடத்தில் வைத்து அழுத்தினார்கள். அங்கே தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் சூடான கண்ணாடிதான். அப்பாவின் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"இங்கன" என்றார்கள் மதினி. "இங்கன இருக்கத்தா."